பின்பக்கப் படம்

முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சண்முகநாதன் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பழைய ஜேர்மன் பட்டாளத்து பெல்ட் பக்கிள் ஒன்றை யார் கொண்டுவந்து நீட்டினாலும், அதிலிருக்கும் அரசமுடியையும் எழுத்தையும் ஏறெடுத்துப் பாராமல் வாங்கி, உடனே கவிழ்த்துவிடுவார். முன்பக்கம் ஊருக்குக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. போலி செய்பவனும் அங்கேதான் கவனமாக இருப்பான். பின்பக்கத்தில்தான் எவனும் அசந்துபோவான். தகடு எப்படி அழுத்தப்பட்டது, கொளுக்கி எதனால் ஒட்டப்பட்டது, தோல்பட்டியைப் பிடிக்கும் முள் எங்கே மடிந்தது என்பதெல்லாம் அங்கே கிடக்கும். சேகரிப்பாளர்கள் கூடும் இணையக் களத்தில் அவர் எழுதும் முதல் வரியும் எப்போதும் ஒன்றுதான்: பின்பக்கப் படம் அனுப்பவும். எந்தெந்த நாட்டிலோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் அவரை ‘ரொறன்ரோ நேதன்’ என்று அறிந்திருந்தது அந்த ஒரு வரியால்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பழைய சாமான் சந்தையில், வேரோனிக்காவின் மேசைக்கு முன்னால் நின்றார். வேரோனிக்கா போலந்துக்காரி. பீங்கான் கோப்பைகள், பதக்கங்கள், ஓடாத மணிக்கூடுகள் எல்லாம் விற்பாள். பக்கிள் ஏதும் வந்தால் பிஸ்கட் பேணி ஒன்றில் போட்டு, மேசைக்குக் கீழே அவருக்கென்று வைத்திருப்பாள். அன்றைக்குப் பேணியில் ஒன்றுதான் இருந்தது. அதைக் கொண்டுவந்த ஆளும் பக்கத்தில் நின்றான். தாத்தாவினுடையது என்றான். சண்முகநாதன் கவிழ்த்தார். முப்பது வருடம் அழுத்தியந்திரத்திலும் முலாம் பூசும் தொட்டியிலும் கிடந்த அவருடைய விரல் நுனிகளுக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை. ஆகவே விளிம்பை மணிக்கட்டின் உட்புறத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்தார்.

அழுத்திச் செய்த தகடு என்றால் முன்பக்கத்து முடி பின்பக்கத்தில் குழியாக இருக்க வேண்டும், இது உருக்கி வார்த்தது, ஊசித் துவாரங்கள் தெரிகின்றன, உப்பிலும் வினாகிரியிலும் ஊறவைத்து, பழசாகக் காட்டத் துருக் கறள் ஏற்றியிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தாத்தாவின் பேரன் அதை எடுத்துக்கொண்டு போனான். வேரோனிக்கா சிரித்தாள். பெண் பார்க்கப் போன இடத்திலும் இப்படித்தான் முதலில் திரும்பி நில் என்று சொல்லியிருப்பாய், அதனால்தான் இந்த வயதிலும் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாய் என்றாள். அறுபத்திரண்டு வயதில் இதற்கு எப்படிக் கோபப்படுவது என்று சண்முகநாதனுக்கு மறந்துவிட்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் இருக்கும்போதுதான் கோணேஸ்வரியிடமிருந்து அந்தப் படம் வந்தது.

கோணேஸ்வரி அவருடைய தம்பியின் மனைவி. தம்பி அன்புராசா 2009 வைகாசியில் வன்னியில் காணாமல் போனவன். பதினேழு வருடம். மகள் யதுஷாவோடு கனடாவுக்கு வந்து, அஜின்கோர்ட்டில் ஒரு அப்பாட்மென்டில் இருந்துகொண்டு, பாண் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்வந்தாள். நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன.

படத்தில் சாம்பல் நிறத் துணி. துணியின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஓர் அளவுகோல், இலக்கம் எழுதிய சிறு மட்டை. நடுவில், மண் துடைத்து வைத்த ஒரு பக்கிள். கறள் ஏறித் தடித்திருந்தாலும் நடுவட்டத்துக்குள் முடி தெரிந்தது. மேலே எழுத்துகள் தெரிந்தன. கடவுள் எம்மோடு என்று ஜேர்மன் மொழியில் எழுதியிருக்கும் எழுத்துகள். பிரஷ்யப் பட்டாளத்தினுடையது, 1915ஆம் ஆண்டு மாதிரி, ஒரே உருக்குத் தகட்டில் அழுத்தியது. இவ்வளவையும் அவருடைய மனம் தன்பாட்டில் சொல்லி முடித்தது. முன்பக்கம் மட்டும் என்றும் சொன்னது.

கீழே குரல் பதிவு இருந்தது. வன்னியில் பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டிடத்தைப் பெருப்பிக்க நிலம் வெட்டியபோது எலும்புகள் வந்தனவாம். காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக வேலை செய்யும் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. முன்னர் அங்கே கொடுத்த முறைப்பாட்டில், காணாமல் போனபோது உடுத்தியிருந்தவை என்ற இடத்தில் ‘ஜேர்மன் பெல்ட்’ என்று அவள் எழுதியிருந்தாள். அதை ஞாபகம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதைப்பற்றித் தெரிந்த ஒருவரிடமிருந்து ஓர் அபிப்பிராயம் எழுத்தில் வேண்டுமாம். கடைசியாக, “அத்தான், வேலை முடிஞ்சால் செவ்வாய்க்கிழமை ஒருக்கால் வாங்கோ” என்று சொல்லிப் பதிவு முடிந்தது. அவளுடைய குரல் அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல இருந்தது.

சண்முகநாதன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். யன்னலுக்கு வெளியே லோறன்ஸ் வீதியோரத்தில் கரிபிடித்த பனி குவிந்து கிடந்தது. எத்தனை தரிப்பு மிச்சம் என்று எண்ணினார். ஏழு. ஏழும் வந்து போயின. எட்டாவதில் இறங்கித் திரும்பி நடந்தார்.

அன்புராசா கட்டியிருந்த பக்கிள் எங்கிருந்து வந்தது என்று சொல்வதென்றால் 1996க்குப் போகவேண்டும். அவர் அப்போது ஜேர்மனியில், லூடன்ஷைட் என்ற ஊரில், விளக்குகளுக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நின்றார். ஒரு காலத்தில் பொத்தான்களும் பக்கிள்களும் அடித்துத் தள்ளிய ஊர் அது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆறு மார்க்குக்கு ஒன்று வாங்கினார். கொளுக்கி உடைந்து போயிருந்ததால் அந்த விலை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கழிவுப் பெட்டியிலிருந்து கறள் பிடிக்காத உருக்குத் துண்டொன்றை எடுத்து, வெட்டி வளைத்து, பித்தளையை உருக்கி ஒட்டினார். மணி அடித்துவிடும் என்ற அவசரத்தில் பித்தளை இடப்பக்கம் வழிந்து, வேப்பங்கொட்டை அளவுக்குக் கட்டிபட்டுவிட்டது. பிறகு ஒரு தோல்பட்டி வாங்கிக் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் சேர்த்த முதலாவது பக்கிள் அதுதான். அதைச் சேகரிப்பு என்று அப்போது நினைக்கவில்லை. காற்சட்டை வழுகாமல் இருக்கக் கட்டியது.

கனடாவுக்கு வந்த பிறகும் அதைத்தான் கட்டியிருந்தார். 2003இல் சண்டை நின்று பாதை திறந்தபோது, அதைக் கட்டிக்கொண்டே வன்னிக்குப் போனார். இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடிகளிலும் அவருடைய கடவுச்சீட்டைப் பார்த்தார்களே தவிர இடுப்பை யாரும் பார்க்கவில்லை. அன்புராசா உழவு இயந்திரம் திருத்துகிறவன். கொண்டுபோன சொக்லேட்டையும் சேட்டுகளையும் தொடாமல், அண்ணனின் இடுப்பையே பார்த்தான். கழட்டித் தரச் சொல்லி வாங்கினான். திருத்துகிறவனுடைய கை தன்பாட்டில் அதைக் கவிழ்த்தது.

“உது ஆர் ஒட்டினது அண்ணை? கண் தெரியாதவனோ?”

“நான்தான்.”

அன்புராசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கோணேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினான். மற்றதெல்லாம் உக்கிப்போனாலும் இந்தக் கொளுக்கி மட்டும் கிடக்கும் என்றான். அதை அவனே வைத்திருக்கட்டும் என்று சண்முகநாதன் சொன்னதும், தன் இடுப்பிலிருந்த றெக்சின் பெல்ட்டை உருவி நீட்டினான். “இந்தாங்கோ. வெறுங்காலோடை போகலாம். வெறும் இடுப்போடை பிளேனிலை ஏறேலாது.”

அந்த றெக்சின் பெல்ட் இப்போதும் வெக்ஸ்போர்ட்டில், சண்முகநாதனின் ஒற்றை அறை வீட்டில், இழுப்பறை மேசையின் கடைசி லாச்சியில் கிடக்கிறது. மேல் லாச்சிகளில் நூற்று நாற்பத்தொரு பக்கிள்கள். நாசிக் காலத்துக் கழுகும் வளைந்த சிலுவையும் உள்ளவற்றை வாங்குவதில்லை, அடையாளம் சொல்வதோடு சரி. யதுஷா வந்துபோகிற வீடு.

செவ்வாய்க்கிழமை அவர் அஜின்கோர்ட்டுக்குப் போனபோது யதுஷா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தாள். அவளுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை பிரியந்தன், ரூஜ் பக்கத்தில் பெரிய வீடு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. மண்டபக்காரர் ஆட்தொகை கேட்கிறார்களாம்.

“பெரியப்பா, உங்களுக்கு பிளஸ் வன் போடட்டோ? அந்த வேரோனிக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். ஐ ஆம் சீரியஸ்.”

“அவ வந்தால் பந்தியிலை கோப்பையைக் கவிட்டுப் பாத்து விலை சொல்லுவா,” என்றார்.

யதுஷா சிரித்துக்கொண்டே அச்சகத்திலிருந்து வந்த மாதிரி அட்டையை அவர் பக்கம் தள்ளினாள். மஞ்சள் கரை. திரு. அன்புராசா, திருமதி கோணேஸ்வரி தம்பதியரின் ஏக புத்திரி. அன்புராசாவின் பெயருக்கு முன்னால் வேறு சொல் எதுவும் இல்லை. எங்கள் சனத்தின் அட்டைகளிலும் அறிவித்தல்களிலும், இறந்தவரின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று ஒரு சொல் வரும். அதைப் பார்த்துத்தான் ஆர் இருக்கிறார்கள், ஆர் இல்லை என்று தூரத்து உறவுகள் அறிந்துகொள்ளும். பொம்பிளை பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளையின் தாய் கமலாம்பிகை, தேத்தண்ணீரை வைத்துவிட்டு, தகப்பனின் பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். இருக்கிறவர்களின் பெயரை எப்படி எழுதுவார்களோ அப்படி என்று கோணேஸ்வரி சொல்லியிருக்கிறாள். இல்லையென்று காட்ட ஒருவரிடமும் ஒரு கடுதாசியும் இல்லாததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இனி அந்தக் கடுதாசியை எழுதவேண்டியவர் தான் என்று, மஞ்சள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சண்முகநாதனுக்கு விளங்கியது. அவர் ஆம் என்று எழுதினால் கோணேஸ்வரி அன்றைக்கே விதவை. மகளின் மணவறைப் பக்கம் போகாமல் பின் வரிசைக் கதிரையில் இருக்கவேண்டியவள். ஆலாத்தியை வேறு யாரோ எடுப்பார்கள். யது இதைக் கேட்டால், ஆர் என்ன சொன்னாலும் அம்மாதான் முன்னுக்கு நிப்பா என்று சண்டைக்கு வருவாள். கோணேஸ்வரி நிற்கமாட்டாள். ஒருவரும் சொல்லாமலே அவளாகவே போய்ப் பின்னால் இருந்துகொள்வாள்.

யதுஷா போனோடு அறைக்குள் போன பிறகுதான் கோணேஸ்வரி வந்து எதிரில் இருந்தாள். மகளுக்கு இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அலுவலகத்துக்கு அவருடைய பெயரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். இந்த விசயத்தில் அவர் பெரிய ஆள் என்றும் சொன்னாளாம்.

என்ன எழுதுவது என்று சண்முகநாதன் கேட்டார்.

“உங்களுக்குத் தெரிஞ்சதை.”

முன்பக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். அந்த மாதிரியில் எத்தனையோ இலட்சம் அடித்தார்கள். அதன் போலிகளை இப்போது எந்தச் சந்தையிலும் வாங்கலாம், கொழும்பில் நடைபாதையில்கூடக் கிடைக்கும்.

“அப்ப அதையே எழுதுங்கோ அத்தான். சொல்லேலாது எண்டு எழுதுங்கோ.”

மூச்சு விடாமல் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்த அவசரத்தை அவர் கவனித்தார். ஆனால் பக்கத்து வீட்டில் கதவு சாத்தும் சத்தத்தைக் கவனிப்பதுபோலத்தான் கவனித்தார்.

கடிதத்தை அடுத்த நாளே எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். படத்தில் காண்பது இன்ன மாதிரியை ஒத்திருக்கிறது, முன்பக்கம் மட்டும் தரப்பட்டிருக்கிறது, இதை மட்டும் கொண்டு இது மூலமா நகலா என்றோ, யாருடையது என்றோ உறுதி கூற இயலாது. வாசித்துப் பார்த்தார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருபது வருடத்தில் எழுதியவற்றில் அதைவிடச் சுத்தமான அபிப்பிராயம் எதுவும் இருக்குமென்று தோன்றவில்லை. அனுப்பாமல் வைத்தார். புதன் போனது. வியாழன் போனது. முலாம் பூசும் பட்டறையில் கொக்கிகளில் தொங்கிவரும் குழாய்முனைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பழுதானவற்றைப் பெட்டியில் போட்டார். மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாரா என்று பின்னேரம் யோசித்தபோது ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து கணினியைத் திறந்தார். கடிதத்தை இணைத்து அனுப்பிவிட்டுச் சமைக்கலாம் என்றுதான் இருந்தார். அலுவலகத்தின் முகவரியைப் போட்டார். பிறகு அவருடைய விரல்கள், ஆயிரம் தடவை எழுதிய வரியை எழுதின. பின்பக்கப் படம் அனுப்பவும். கடிதத்தை இணைக்கவில்லை. அனுப்பிவிட்டு, அனுப்பியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவேண்டும் என்றோ வரக்கூடாது என்றோ அவருக்கு ஒன்றும் இல்லை.

காலையில் பதில் வந்திருந்தது. துர்க்கா என்ற எழுத்தர் எழுதியிருந்தார். ஐயா, முன்பக்கம் பின்பக்கம் ஆகிய இரண்டு படங்களும் பெப்ரவரி பதினேழாம் திகதியே திருமதி கோணேஸ்வரிக்கு அனுப்பி வைக்கப்பட்டன. தங்கள் வசதிக்காக மீண்டும் இணைக்கிறோம்.

சண்முகநாதன் எழுந்துபோய்த் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவினார். கழுவிய கோப்பையைத் துடைத்தார். துடைத்ததை அதன் இடத்தில் வைத்தார். பிறகு வந்திருந்து இரண்டாவது படத்தைத் திறந்தார்.

அதே சாம்பல் துணி, அதே அளவுகோல். பக்கிளின் முதுகு முழுக்கக் கறள். தகடு செதில் செதிலாகக் கிளம்பி, முள் இருந்த இடமே தெரியாமல், மண்ணோடு மண்ணாக இருந்தது. அந்தக் கறளுக்கு நடுவில் ஒரு கொளுக்கி மினுங்கியது. நேற்று வெட்டி வளைத்ததுபோல, படமெடுத்தவரின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டு நின்றது. அதன் இடப்பக்கத்தில் பச்சை பூத்த பித்தளை, வேப்பங்கொட்டை அளவுக்குக் கட்டிபட்டிருந்தது.

கண் தெரியாதவனோ.

அவர் அந்தப் படத்தைக் கோணேஸ்வரிக்கு அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.

மத்தியானம் கீழிருந்து மணி அடித்தது. மிட்லண்ட் பஸ் எடுத்து, லோறன்ஸில் மாறி வந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, திறந்து கிடந்த லாச்சியைப் பார்த்தாள். இவ்வளவோ என்று கேட்டாள். அதே மாதிரி ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். சண்முகநாதன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்கிய கையோடு அவள் அதைக் கவிழ்த்தாள். ஓர் ஆணின் காற்சட்டையைத் தோய்க்கப் போடுமுன் பெல்ட்டை உருவியெடுத்துப் பழகியவள் அப்படித்தான் பிடிப்பாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கொளுக்கியை அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடம் பார்த்தவள்.

“ஏன் ஒண்டை மட்டும் அனுப்பினீர்?”

“நீங்கள் முன்பக்கத்தைப் பாத்துச் சொல்லமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும் அத்தான். அதுதான்.”

கதிரையில் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லேலாது என்று அவருடைய கையெழுத்தில் ஒரு கடுதாசி இருந்தால், அலுவலகம் ஆவணி வரைக்கும் பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்ததாகச் சொன்னாள். பதினேழு வருடம் பொட்டு வைத்தது இந்த ஒரு நாளுக்காக இல்லை. ஆனால் இந்த ஒரு நாள் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, அதில் நிற்கவேண்டும் போலிருந்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் தகப்பன் இல்லை, தாயாவது நிற்கட்டும் என்று. பெப்ரவரி பதினேழாம் திகதி வேலைக்குப் போனாளாம். அன்றைக்கு எண்ணூறு பெட்டி கட்டினாளாம். அழவில்லை, அழுகை வரவுமில்லை என்றாள்.

சண்முகநாதன் ஓம் என்றார். குளிர்பெட்டி ஓடி நின்றது.

“அது மட்டுமில்லை,” என்றாள். கையிலிருந்த பக்கிளைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். “உங்களுக்கு உது தெரிய வேண்டாம் எண்டும் நினைச்சனான். அண்டைக்கு ஆமியின்ரை சோதினை வரிசையிலை நிக்கேக்கை பெல்ட்டைக் கழட்டி எறியுங்கோ எண்டு இவருக்குச் சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான். இயக்கப் பெல்ட் மாதிரிக் கிடக்கு எண்டு. அண்ணை தன்ரை இடுப்பிலை இருந்து கழட்டித் தந்தது, நான் என்னத்துக்கு எறியிறது எண்டார். ஆமிக்காரன் வந்து முதல் பாத்தது இடுப்பைத்தான்.”

இத்தனை வருடமாக அவள் எல்லோருக்கும் சொன்ன கதை, பதிவு செய்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்ற இடத்தில் தொடங்கும். அதற்கு முந்திய கால் மணித்தியாலத்தை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார் சண்முகநாதன்.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. ஜேர்மன் பெல்ட் எண்டு நீர் முறைப்பாட்டிலை எழுதினதை அப்பவே காட்டினனீர்தானே. அதைக் கட்டிக்கொண்டு ஆமிக்கு முன்னாலை நிண்டிருக்கிறான் எண்டு அண்டைக்கே விளங்கிட்டுது.”

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். இருவரும் ஒரே மூட்டையைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். வெளியே பனி வழிக்கும் வண்டியொன்று சங்கிலி உரச நீண்ட நேரம் போனது.

பிறகு சண்முகநாதன் மேசைக்குப் போய், தாளை எடுத்து, கையால் எழுதினார். உருக்குத் தகடு, ஒரே அழுத்தில் செய்தது, பிரஷ்யா, 1915ஆம் ஆண்டு மாதிரி, மூலம். கொளுக்கி மூலமல்ல. 1996இல் லூடன்ஷைட் நகரில் கறள் பிடிக்காத உருக்கில் வெட்டி, பித்தளையால் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் கீழே ஒப்பமிட்டவர். 2003ஆம் ஆண்டு தம்பி அன்புராசாவுக்குக் கொடுக்கப்பட்டது. இது அவருடையது. கடைசி வரியும் மற்ற வரிகளைப் போலவே நேராக வந்தது. ஒப்பம் வைத்தார். திகதி போடும் இடத்தை வெறுமையாக விட்டு, தாளையும் பேனையையும் கோணேஸ்வரியின் முன்னால் வைத்தார்.

“பொய் எழுதமாட்டன். திகதியை நீர் போடும்.”

அவள் வாசித்தாள். அவளுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். சில இடங்களில் விரலை வைத்து வைத்துப் போனாள். கடைசி வரிக்கு வந்தபோது விரல் நின்றது, பிறகு ஒப்பத்துக்கு இறங்கியது. கைப்பையிலிருந்து சிறிய நாட்காட்டி ஒன்றை எடுத்தாள், கோயிலில் கொடுப்பது. ஆவணிப் பக்கத்தைத் திருப்பினாள்.

கலியாணம் சனிக்கிழமை, ஓகஸ்ட் இருபத்தொன்பது. நாலாஞ்சடங்கு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அஜின்கோர்ட்டுக்கு வருவார்கள். அவள்தான் சமைத்துப் பரிமாறவேண்டும், பிள்ளைக்குப் பூ வைத்து விடவேண்டும். அதையும் கணக்கில் எடுத்தாள். விரல் ஒரு கட்டம் நகர்ந்தது.

“புதன் போடுறன்.”

செப்ரெம்பர் இரண்டு என்று எழுதினாள். தன் மூக்குத்திக்கு அச்சாரம் கொடுப்பவளைப்போல நிதானமாக எழுதி, இலக்கங்களை ஒருமுறை சரிபார்த்தாள். யதுஷாவுக்கு என்று சண்முகநாதன் தொடங்கினார். நாலாஞ்சடங்கு முடிய நானே சொல்லுறன் என்றாள். தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள், அதுவரைக்கும் அவருடைய லாச்சியில் இருக்கட்டும் என்று. அவர் கடைசி லாச்சியைத் திறந்து, றெக்சின் பெல்ட்டை ஓரமாகத் தள்ளி, அதற்குப் பக்கத்தில் வைத்தார். அவள் அந்த பெல்ட்டைப் பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை.

வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டினாள். மாட்டிய பிறகும் கதவைத் திறக்காமல் நின்றாள்.

“அந்தக் கொளுக்கி, அத்தான். அவை பெட்டியிலை போட்டு வைக்கிறதாம். இனியும் கறள் பிடியாதோ?”

“பிடியாது,” என்றார்.

கோணேஸ்வரி தலையாட்டினாள். கம்பளிக் கழுத்துத்துணியைத் தாலிக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.